14ஆம் நாள்

கோத்தகிரிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். பிரசவம் முடிந்து வீடு திரும்பிய பெண்களை 42 நாள் வரை கணக்கு வைத்துப் போய்ப் பார்க்க வேண்டும். குழந்தையின் எடை, தொப்புள் காய்ந்துவிட்டதா, தாய்க்குக் காய்ச்சல் உண்டா, தையல் ஆறிவிட்டதா, இரும்புச்சத்து மாத்திரை போடுகிறாளா, எல்லாம் கேட்டு எழுதுவேன். அழுதாளா என்று மட்டும் கேட்டதில்லை.

அன்றைக்கு 14ஆம் நாள், ஜூலை மழை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற பெண், முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் உள்ளே போனபோது அம்மா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப்போன விரல்கள், கட்டைவிரலில் வெடிப்பு, அதில் முடி சிக்கச் சிக்க அவர் எடுத்துவிட்டுக்கொண்டே பின்னினார். அவ்வளவு பதமான கை. வாய்தான் ஓயவில்லை.

"சும்மா அழுதா பால் வத்திடும்டீ. உன்னைப் பெத்து இருபதாம் நாள் கொழுந்தெடுக்கப் போனவ நான். யார்கிட்டயாவது அழுதேனா?"

என்னைப் பார்த்ததும் மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று சிரித்தாள்.

முன்பெல்லாம் நானும் அம்மா பக்கம் சேர்ந்துதான் பேசுவேன். "தாயாயிட்டே, மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்று எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறேன், நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. பெற்ற பெண்ணுக்கு முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வரும், ஹார்மோன் சட்டென்று இறங்குவதால் வருவது, பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும், அதற்கு மேலும் இழுத்தால் டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம் என்றெல்லாம் படித்துவிட்டு வந்தவள்தானே நானும்.

அன்றைக்கு என்னவோ அம்மாவிடம் கேட்டேன். "அக்கா, அப்ப உங்களை யாரு பாத்துக்கிட்டாங்க?"

சீப்பு நின்றுவிட்டது. அவர் வேலை பார்த்தது நாலைந்து பேர் கொழுந்தெடுக்கிற ஒரு சிறு தோட்டம். 50 பெண்கள் வேலை செய்யும் எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும் என்று 1951லேயே சட்டம் வந்துவிட்டது, பிரசவமாகி 6 வாரம் வேலை வாங்கக் கூடாது என்று 1961ல் இன்னொன்று. இரண்டும் அந்தச் சரிவுக்கு எட்டவில்லை. சில்வர் ஓக் மரத்தில் சேலையால் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு மேலே ஏறுவாராம். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டதும் ஜாக்கெட் நனைந்துவிடும், கூடை நிறையாமல் இறங்க முடியாது, அதனால் மழைக்குப் போடுகிற பிளாஸ்டிக் சாக்கை வெயிலிலும் கழற்றாமல் நின்றேன் என்றார். மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது.

அந்த அம்மா கல்நெஞ்சுக்காரி இல்லை. தன்னைத் தாங்கிய ஒரே வழியை மகளுக்கும் கொடுக்கப் பார்க்கிறார், வேறு வழி அவருக்கு யாரும் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த மருமகனுக்குத் தூக்கம் கெடக்கூடாது என்று தனியாகப் பாய் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். பொறுத்துக்கொள்வது பெண்கள் வேலை என்று அந்த வீட்டில் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

டாக்டரிடம் வரச் சொல்லிவிட்டு, ராத்திரி மனசு தாங்காவிட்டால் பேச 14416 என்ற இலவச எண்ணையும் அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

21ஆம் நாள் போனபோது மகள் என் முன்னாலேயே கொஞ்ச நேரம் அழுதாள். அம்மா தடுக்கவில்லை, குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். "நீங்க ராத்திரி தூங்கறீங்களா அக்கா?" என்றேன்.

"என்னையா கேக்கறீங்க நர்சம்மா?"

அப்புறம் மெதுவாகச் சொன்னார், முட்டி வலியில் இரண்டு மாதமாகத் தூக்கமில்லை என்று. நோட்டில் அவர் பெயரையும் எழுதிக்கொண்டேன்.