விர்ச்சுவல் மெஷினுக்கு மெமரி ஒதுக்கும்போது

கேவிஎம்-இல் (லினக்ஸ் கணினிக்குள் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்ட உதவும் வசதி) விர்ச்சுவல் மெஷின் ஓட்டுபவர்களுக்கு ஒரு விஷயம். அந்த மெஷின்களை நிர்வகிக்கும் லிப்வர்ட் மென்பொருளில் மெமரிக்கு இரண்டு எண்கள் உண்டு: உச்ச வரம்பு, இப்போது கொடுத்திருப்பது. உச்சம் 8 ஜிபி, இப்போதைக்கு 4 என்று வைத்தால், மெஷின் ஓடும்போதே ‘விர்ஷ் செட்மெம்’ (virsh setmem) கட்டளை போட்டு 6 ஆக்கலாம். மெஷினுக்குள் பலூன் டிரைவர் (ஓடும்போதே மெமரியைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் டிரைவர்) இருந்தால் போதும். உச்சத்தையே கூட்ட, சாதாரணமாக மெஷினை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதனால் அதை முதலிலேயே கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.

அப்புறம் லிப்வர்ட்டில் ‘ஹார்டு லிமிட்’ என்று ஒன்று உண்டு: ஹோஸ்ட் கணினியில் அந்த மெஷின் மொத்தமாக எடுக்கக்கூடிய மெமரிக்கான வரம்பு. தயவுசெய்து தொடாதீர்கள். கொடுத்த மெமரி போக, மெஷினை ஓட்டும் கியூஎமு மென்பொருள் தனக்கென்றும் எடுத்துக்கொள்ளும். எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. கணக்கு தப்பினால் ஹோஸ்டின் கெர்னல் மெஷினையே கொன்றுவிடும். லிப்வர்ட் ஆவணமே வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

டேட்டாபேஸ் ஓடும் மெஷினில் பலூனை வைத்து மெமரியை நடுவில் பிடுங்காதீர்கள். மெமரி போதாமல் டிஸ்க்கில் இருக்கும் ஸ்வாப்புக்குள் போய்விட்டால் எல்லாமே நத்தை வேகம்தான்.