மாடுகள் கொட்டிலுக்குப் போகும் மாதம்

அயர்லாந்தின் மீத் மாவட்டத்துக்குக் குடிவந்த முதல் அக்டோபரில், வீட்டுக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் ஒரே நாளில் காணாமல் போயின. அதே வாரம் கடைகளில், பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் இரவுக்கான முகமூடிகளும் பூசணிக்காய்களும் குவிந்தன. இரண்டும் ஒரே கதை என்று அப்போது எனக்குத் தெரியாது.

காங்கேயம் பக்கம் மாடு கட்டிய குடும்பம் எங்களுடையது. கேட்காமல் இருக்க முடியவில்லை. "கொட்டிலில் அடைத்துவிட்டோம். நிலம் சொதசொதவென்று ஆகிவிட்டது, புல்லும் வளராது" என்றார் பக்கத்துப் பண்ணைப் பெரியவர். "சௌவின் வந்துவிட்டதே!"

ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கே அதுதான் பெயர். மாதத்தின் முதல் நாள் சௌவின் திருநாள்; ஹாலோவீன் அதற்கு முந்தைய இரவு. அவர் சொல்லச் சொல்ல, பேய்க்கதைகளுக்குப் பின்னால் மாடு மேய்ப்பவர்களின் பஞ்சாங்கம் ஒன்று தெரிந்தது. கோடை மேய்ச்சல் முடிந்து மந்தை இறங்கிவரும். குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியாதவற்றை அறுப்பார்கள். ஆண்டின் வெளிச்சப் பாதி முடிந்து இருட்டுப் பாதி பிறக்கும். அந்த இரவில் மறுவுலகின் கதவு திறக்கும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை எனக்கு விளங்குகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும், மாலை ஐந்து மணிக்கே இருட்டு கவிந்துவிடுகிறது. முதல் ஆண்டு அந்த இருட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

நவம்பர் 1 கிறிஸ்தவர்களின் சகல புனிதர் திருநாளாகி, அதன் முந்தைய இரவு என்ற பொருளில் ஹாலோவீன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது பிற்பாடுதான். எங்கள் மாவட்டத்துத் தாரா குன்றில் சுமார் 5,000 ஆண்டுப் பழமையான கல்லறை மேடு ஒன்று இருக்கிறது. சௌவினை ஒட்டிய நாட்களில் உதயசூரியனின் ஒளி அதன் குறுகிய வழியே உள்ளே போகிறது. ஆத்பாய் ஊர் அருகே ட்லாக்டா குன்றில் அந்த இரவு பெருநெருப்பு மூட்டினார்கள் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஐரிஷ் வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி கீட்டிங் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் குன்றில் காற்று காதை அறுத்தது. ஆனாலும் இறங்க மனம் வரவில்லை.

பூசணிக்காய் அமெரிக்காவில் சேர்ந்துகொண்டது. இங்கே பழைய வழக்கம் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி விளக்காக்குவது. காசில்பார் அருகே உள்ள நாட்டுப்புற வாழ்வு அருங்காட்சியகத்தில் டொனகால் மாவட்டத்து டர்னிப் விளக்கு ஒன்றின் வார்ப்பைப் பார்த்தோம். குழிவிழுந்த கண்ணும் பல்லும் கண்டு மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஆண்டு அவளே ஒரு கிழங்கு கேட்டாள். கல்லைப் போல இருந்தது. கரண்டியால் குடைந்து முடிக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று.

குளிர் கழிந்து கொட்டிலைத் திறக்கும் நாளைப் பெரியவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மகளுடன் வேலியோரம் நின்றேன். கிழட்டுப் பசுக்கள்கூடப் பின்னங்காலை உதறித் துள்ளின.