கூலிம் மாமா கொண்டுவந்த கறி

2024 அக்டோபர் 27
மலேசியாவின் கூலிமில் இருக்கும் மாமா இன்று பட்டர்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். தீபாவளிக்கென்று நான்கு கிலோ காட்டுப்பன்றிக் கறி. செம்பனைத் தோட்டத்தில் உரிமம் வைத்திருப்பவர் சுட்டதாம். போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார்: "பையன்கள் இப்போதெல்லாம் குழம்பு வைப்பதில்லை அம்மா. நெருப்பில் வாட்டி, உள்ளே சிவப்பாக இருக்கும்போதே தின்கிறார்கள். கள் குடித்தால் புழு செத்துவிடுமாம்."

எனக்குப் பிறகு சோறு இறங்கவில்லை. கள்ளுக்குச் சாகும் புழு அல்ல அது.

அக்டோபர் 28
என் வேலை இரத்தப் பரிசோதனை. டிரிக்கினெல்லா புழுவைப் பாடத்தில் படித்தது முதல் மறக்க முடியவில்லை. பன்றியின் தசைக்குள் சுருண்டு கிடக்கும் குஞ்சுகள், வேகாத கறியோடு நம் வயிற்றுக்குள் போய் விடுபடுகின்றன. சில நாட்களில் குடலில் வளர்ந்து இணைகின்றன. பெண் புழு ஈனும் குஞ்சுகள் இரத்தத்தில் ஏறி நம் தசைகளைத் தேடிப்போகின்றன. முதலில் வயிற்றுப்போக்கு, பிறகு காய்ச்சல், உடம்புவலி, கண்ணிமை வீக்கம். இரத்தத்தில் இயோசினோபில் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் எகிறும். இதயத்தைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து.

1835இல் லண்டனில் ஜேம்ஸ் பேஜட் என்ற முதலாண்டு மருத்துவ மாணவர்தான் பிணத்தின் தசையில் தெரிந்த வெள்ளைப் புள்ளிகளுக்குள் புழு இருப்பதைக் கண்டார். எத்தனையோ பேர் பார்த்துவிட்டு விட்டுவிட்ட புள்ளிகள் அவை!

தூரத்து நோய் என்று நினைக்க வேண்டாம். 2006இல் தாய்லாந்தின் உத்தாய் தானியில், காட்டுப்பன்றியைப் பச்சையாகச் சாப்பிட்ட கிராமத்தார் 28 பேருக்கு இதே குடும்பத்துப் புழு வந்தது. முதலில் பப்புவா நியூ கினியில் கண்டறியப்பட்ட இனம் அது.

அக்டோபர் 29
மாமாவிடம் தொலைபேசியில் பேசினேன். "ஐஸ் பெட்டியில் உறையவைத்து மூன்று வாரம் வைத்தால் போதாதா?" என்றார். வளர்ப்புப் பன்றியின் மெல்லிய துண்டுகளுக்கு அது உதவும். காட்டு விலங்குகளிடம் உறைகுளிரைத் தாங்கும் இனங்களும் உண்டு. புகை போடுவதையும் உப்புக்கண்டத்தையும் நம்ப முடியாது. 71 டிகிரி செல்சியஸ் சூடு கறியின் நடுப்பகுதி வரை ஏற வேண்டும். மிச்சமான பச்சைக் கறியை நாய்க்குப் போடாதீர்கள் என்றும் கெஞ்சினேன். நாய்க்கும் எலிக்கும் அது தொற்றும்.

காய்ச்சலோடு போகிறவர்கள், "காட்டுப்பன்றி தின்றேன்" என்று மருத்துவரிடம் சொல்லக் கூசுகிறார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. புழு குடலில் இருக்கும்போதே ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுத்தால் நன்றாகக் கேட்கும்; தசைக்குள் போய்ச் சுருண்ட பிறகு கடினம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள், ஐயா.

அக்டோபர் 30
பாட்டி முறையில் சமைத்தேன். மஞ்சளும் உப்பும் போட்டு ஒன்றரை மணி நேரம் கொதி. பிறகுதான் மிளகாய், சோம்பு, கறிவேப்பிலை போட்டு வறுவல். கிருமியைக் கொல்வது மஞ்சள் என்பாள் பாட்டி. கொன்றது அவள் அடுப்பு. அந்தத் தோட்டத்து லயத்தில் விறகு எரிய எரிய எத்தனை பேரைக் காப்பாற்றியிருப்பாள்!

அக்டோபர் 31
காலையில் மாமா அழைத்தார். பையன்கள் வாட்டுவதற்கு முன் கறியை அண்டாவில் போட்டு வேகவைக்கிறார்களாம். "எவ்வளவு நேரம் அம்மா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"துண்டை வெட்டிப் பார், உள்ளே துளியும் சிவப்பு இருக்கக்கூடாது. அதற்கு மேலும் அரை மணி நேரம்" என்றேன்.