அம்மாவின் வயிற்றில் நீலத் தழும்புகள்

சென்ற ஆவணியில் அம்மாவின் இடது கெண்டைக்கால் வீங்கி, விரலால் அழுத்திய குழி அப்படியே நின்றது. புளியரையில் இருக்கும் நாங்கள் பெரிய நோய் என்றால் ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து கேரளத்துக்குப் போவதே வழக்கம். அங்கே டாப்ளர் ஸ்கேனில், தொடையின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது.

கட்டியைக் கரைக்க ஊசி போடுகிறார்கள் என்றே உறவினர்களிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தவறு. ஹெப்பாரின் வகை ஊசி எதையும் கரைப்பதில்லை. உடம்பிலேயே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தின் வேகத்தைப் பன்மடங்கு கூட்டி, இரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின், பத்தாம் காரணி ஆகிய புரதங்களை முடக்கி, கட்டி மேலும் வளராமல் தடுக்கிறது. கரைக்கும் வேலையை நம் உடம்பிலுள்ள பிளாஸ்மின் என்ற நொதி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லச் செய்கிறது.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை தொடங்கிய பிறகும் தொப்புளைச் சுற்றி ஊசி தொடர்ந்தது. தோல் நீலம் பாரித்த இடங்களைத் தடவிக்கொண்டே, "மாத்திரைதான் கொடுத்தாச்சே, இது எதுக்கு?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. கல்லீரல் 2, 7, 9, 10 ஆகிய உறைதல் காரணிகளை முழுமையாக்க வைட்டமின் கே வேண்டும்; ஒருமுறை பயன்பட்ட அந்த வைட்டமினை உடம்பு மீண்டும் புதுப்பிப்பதை வார்ஃபரின் தடுக்கிறது. ஆனால் ஏற்கெனவே இரத்தத்தில் ஓடும் காரணிகளை அது தொடுவதில்லை. ஏழாம் காரணி சில மணி நேரத்தில் குறைந்துவிடுவதால் இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு சீக்கிரமே உயர்ந்து, மருந்து முழுதாக வேலை செய்வதுபோல் நம்மை ஏமாற்றும். இரண்டாம் காரணி பாதியாகக் குறையவே ஏறத்தாழ 60 மணி நேரம் ஆகும். போதாததற்கு, உறைதலைக் கட்டுப்படுத்தும் புரதம் சி-யும் முதலிலேயே குறைந்துவிடுகிறது. அதனால்தான் குறைந்தது 5 நாள், ஐ.என்.ஆர். 2-ஐத் தாண்டி நிலைக்கும்வரை, ஊசியும் மாத்திரையும் சேர்ந்தே தேவைப்படுகின்றன.

வார்ஃபரினுக்குப் பதிலாகத் தரப்படும் ரிவரோக்சபான், அபிக்சபான் போன்ற மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆர். சோதனை வேண்டியதில்லை. ஆயினும் அம்மா வலிப்புக்காக நெடுநாளாகச் சாப்பிடும் ஃபெனிடாயின், இரத்தத்தில் அவற்றின் அளவைக் குறைத்துவிடும் என்பதால் மருத்துவர் வார்ஃபரினையே தேர்ந்தார்.

கீரையில் வைட்டமின் கே அதிகம் என்பதால் அதைத் தொடவே கூடாது என்று தெருவில் பலர் சொன்னார்கள். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. சாப்பிடும் கீரையின் அளவு மாறக்கூடாது என்றார். புனலூரில் அக்கா வீட்டில் 10 நாள் தங்கி, தினமும் முருங்கையிலைத் தோரன் சாப்பிட்டு வந்த அம்மாவுக்கு, 2-க்கும் 3-க்கும் இடையே இருக்கவேண்டிய ஐ.என்.ஆர். 1.5-க்கு இறங்கியிருந்தது. இப்போது புதனும் சனியும் மட்டும், ஒரே கிண்ணத்தில் அளந்து, கொல்லை முருங்கைக் கீரையைச் சமைக்கிறோம். சமைத்த நாளைக் காலண்டரில் அம்மாவே பென்சிலால் வட்டமிடுகிறார்.