வெஸ்ட்பாலியா அமைதியும் ரயிலுக்குப் பதில் வந்த பஸ்ஸும்

ஜெர்மனிக்காரர்களின் நேரந்தவறாமை பற்றி இனி யாராவது என்னிடம் பேசினால் சண்டைதான். மூன்ஸ்டரிலிருந்து ஓஸ்னாபுரூக் 50 கிலோமீட்டர்தான், ரயிலில் அரைமணி நேரப் பயணம். நாங்கள் போன அன்று தண்டவாளத்தில் வேலை நடக்கிறதென்று ரயிலை நிறுத்திவிட்டுப் பதிலுக்கு ஒரு பஸ்ஸை விட்டார்கள். அது வழியில் இருந்த சின்ன ஊர்களில் ஒன்று விடாமல் உள்ளே நுழைந்து வெளியே வந்தது. ஏசி ஓடவில்லை, ஜன்னலும் திறக்காது. சைக்கிளோடு வந்த ஒரு பெரியவரை ஏற்ற மாட்டேன் என்று டிரைவர் சொல்ல, அவர் பதிலுக்குக் கத்த, கால்மணி நேரம் அதிலேயே போயிற்று. 1640களில் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே குதிரையில் தபால் கொண்டுபோனவர்களே தேவலாம் என்று தோன்றியது.

அந்தத் தபால் விஷயம் விளையாட்டுக்குச் சொன்னதில்லை. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டுகள் மோதலாகத் தொடங்கி ஐரோப்பாவைச் சீரழித்த முப்பதாண்டுப் போரை முடித்த வெஸ்ட்பாலியா உடன்படிக்கை ஒரே ஊரில் பேசி முடிக்கப்பட்டதில்லை. கத்தோலிக்க பிரான்சோடு பேச்சு மூன்ஸ்டரில், புராட்டஸ்டன்ட் ஸ்வீடனோடு ஓஸ்னாபுரூக்கில், நடுவே தபால். போப்பின் தூதர் ஃபாபியோ கிஜி மதத்துரோகிகளோடு உட்காரவே மாட்டேன் என்றார், ஸ்வீடன்காரர்களுக்கோ போப்பின் ஆள் நடுவராக இருப்பது பிடிக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட தூதுக்குழுக்கள் வந்தும் எல்லாரும் ஒருமுறைகூட ஒரே இடத்தில் கூடவில்லை! யார் முதலில் உள்ளே வருவது, யாரை என்ன பட்டம் சொல்லி அழைப்பது என்பதிலேயே மாதக்கணக்கில் இழுத்தார்கள். போர்நிறுத்தம் செய்துவிட்டுப் பேசினார்கள் என்று நினைக்காதீர்கள். பேச்சு ஒரு பக்கம், வெட்டுக்குத்து ஒரு பக்கம். 1618ல் பிராகாவில் (இன்றைய செக் தலைநகர்) அரசு அதிகாரிகளை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்ததில் தொடங்கிய போர் அது. 1648 அக்டோபர் 24ல் கையெழுத்தானபோதும் ஸ்வீடன் படை அதே பிராகாவைத்தான் முற்றுகையிட்டுக்கொண்டிருந்தது. இடையில் செத்தவர்கள் 45 லட்சத்திலிருந்து 80 லட்சம் வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். பட்டம் கேட்டு அடித்துக்கொண்ட கனவான்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன பார்ப்பது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். தங்குமிடம் பற்றி ஒரே வார்த்தை: விலை அதிகம். மூன்ஸ்டர் மாணவர்கள் நிறைந்த பணக்கார ஊர், வார இறுதியில் ஹாஸ்டல் படுக்கைகூடப் பர்ஸைக் காலி செய்துவிடும். அந்தக் காசைச் சாப்பாட்டில் மிச்சம் பிடித்தோம்.

அதற்குக் கைகொடுத்தது கதீட்ரல் முன்னால் புதன், சனி கூடும் சந்தை. உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் பொரித்துத் தருகிறார்கள், ஓரமெல்லாம் மொறுமொறு, நடுவில் மெத்து. தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். இனிப்பும் உப்புமாக இது எப்படி ஒத்துப்போகும் என்று முகம் சுளித்த என் மனைவிதான் முதலில் இரண்டாவது தட்டுக்கு வரிசையில் போய் நின்றாள். ரை என்ற தானியத்தில் செய்யும் கறுப்பு ரொட்டியான பம்பர்நிக்கலையும் வாங்கினோம். 16 மணி நேரத்துக்குக் குறையாமல் மெல்லிய சூட்டில் வேகவைப்பார்களாம், கருப்பட்டி போட்டுக் கிண்டி ஆறிப்போன களிபோல இருக்கிறது. கிஜிக்கு இந்த ரொட்டியும் பிடிக்கவில்லை, ஊரின் மழையும் பிடிக்கவில்லை, இரண்டையும் பற்றிப் புலம்பி எழுதியிருக்கிறார். மழை விஷயத்தில் நான் அவர் கட்சி. மூன்ஸ்டரில் ஒன்று மழை பெய்யும் இல்லாவிட்டால் மணி அடிக்கும், இரண்டும் சேர்ந்தால் அன்று ஞாயிறு என்று ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அப்புறம் மூன்ஸ்டரின் அமைதி மண்டபம். சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் பிரின்சிபால்மார்க்ட் தெருவில் பழைய நகரமன்றம், அதற்குள் இருக்கிறது. கட்டடம் இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து போய்விட்டது, மறுபடி கட்டியதுதான். ஆனால் மண்டபத்தின் மரச்சுவரை முன்பே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்ததால் செதுக்கல் எல்லாம் அசல். சுற்றிலும் தூதர்களின் படங்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி மீசை, ஒரே மாதிரி லேஸ் காலர். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ந்து சுருங்கிய மனிதக் கை! விரல்கள் மடங்கி, தோல் பழைய செருப்பு நிறத்தில் இருக்கிறது. பக்கத்தில் முக்கிய விருந்தாளிகளுக்கு ஒயின் ஊற்றித் தரும் தங்க முலாம் சேவல்.

வருகிறவர்கள் பெரும்பாலும் முப்பதாண்டுப் போர் இந்த அறையில்தான் முடிந்தது என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். இல்லை. இங்கே நடந்தது 1648 மே 15ல் ஸ்பெயினும் டச்சுக்காரர்களும் தங்கள் எண்பதாண்டுச் சண்டையை முடித்துச் சத்தியம் செய்துகொண்டது. அக்டோபர் உடன்படிக்கைகளுக்குத் தூதர்கள் தங்கியிருந்த இடங்களில் கையெழுத்து வாங்கினார்கள், ஓஸ்னாபுரூக் உடன்படிக்கைக்கும் மூன்ஸ்டரில்தான். இதை வாசலில் பெரிதாக எழுதிவைத்தால் என்ன?

ஓஸ்னாபுரூக் எனக்கு இன்னும் பிடித்தது. நகரமன்றக் கதவின் வெண்கலக் கைப்பிடியில் ஒரு புறாவும் 1648 என்ற எண்ணும் இருக்கின்றன, தொட்டுத் தொட்டு வழவழவென்று ஆகிவிட்டது. அமைதி வந்ததை அறிவித்தது இந்தப் படியில் நின்றுதான், அக்டோபர் 25ல். இப்போதும் அந்த நாளையொட்டிப் பள்ளிப் பிள்ளைகள் குச்சிக் குதிரை ஓட்டிக்கொண்டு படியேறி வந்து ரொட்டி வாங்கிப் போகிறார்கள். இந்த ஊருக்கு உடன்படிக்கை கொடுத்த தீர்வு இன்னும் வேடிக்கை: பிஷப் பதவி ஒருமுறை கத்தோலிக்கருக்கு, அடுத்தமுறை புராட்டஸ்டன்டுக்கு. அந்த முறைப்படி 1764ல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் கைக்குழந்தை இங்கே பிஷப் ஆனது, வயது ஆறு மாதம்! சிரிக்கலாம், ஆனால் அடுத்தது யாருடைய முறை என்று கேட்டு இங்கே யாரும் கத்தி எடுக்கவில்லை.

போகிறவர்கள் சனிக்கிழமை சந்தையை முடித்துக்கொண்டு மதியம் ஓஸ்னாபுரூக்குக்குக் கிளம்புங்கள். மண்டபங்களில் செலவு ஒன்றும் பெரிதாக இல்லை, காசெல்லாம் படுக்கைக்குத்தான். ரயில் ஓடுகிறதா என்று முந்தின இரவே பார்த்துவிடுங்கள். பஸ் என்று போட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.