119ஆவது நாள்

பாடசாலைத் தளபாடத்துக்கு விலை கேட்டிருந்த அரச அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் மூன்றே வரிகள்தான். எங்கள் விலைமனு கேள்விப்பத்திர (டெண்டர்) நிபந்தனைகளுக்கு அமைவாக இல்லாததால் ஏற்றுக்கொள்ளப்படவில்லையாம். எந்த நிபந்தனை, எத்தனையாம் பக்கம் என்று ஒரு சொல்கூட இல்லை.

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் அப்பா நடத்தும் தளபாடப் பட்டறையின் கணக்கும் கடிதமும் ஏழு வருடங்களாக என் பொறுப்பு. இந்த முறை நாங்கள் விலை கொடுத்தது பாடசாலைகளுக்கான 120 சோடி மேசை, கதிரைக்கு. சோடி 14,850 ரூபாய். விலைமனு திறந்த நாளில் நானும் அந்த அறையில் இருந்தேன். எல்லோருடைய தொகையையும் உரத்து வாசித்தார்கள். எங்களுடையதுதான் மிகக் குறைவு, அடுத்தது 18,96,000. அதன் பிறகு இந்தக் கடிதம்.

"வவுனியாக்காரர் ஆளைப் பிடித்துவிட்டார்" என்றார் அப்பா. அடுத்த விலையைக் கொடுத்தவர் அவர். ஒன்பது நாட்களாக எங்கள் வீட்டில் அந்த மனிதர் கள்ளனாகவே இருந்தார். மாமா ஒருவர் அரசியல்வாதி ஒருவருடன் கதைத்துத் தருவதாகச் சொன்னார். நான் விடவில்லை. சிபாரிசால் ஒரு கேள்விப்பத்திரம் கிடைத்தால் அடுத்ததற்கும் சிபாரிசு தேடித்தான் அலையவேண்டும்.

கடிதம் வந்த மறுநாளே ஒரு பக்கத்தில் ஆட்சேபனை எழுதினேன். குற்றச்சாட்டு எதையும் வைக்கவில்லை. எந்த நிபந்தனையை நாங்கள் மீறினோம், எங்கள் தொகை எவ்வாறு மதிப்பிடப்பட்டது, ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா என மூன்று கேள்விகள் மட்டுமே. கல்வியங்காடு வழியாக மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ப்பித்து, என் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டேன். அந்த முத்திரை இல்லாவிட்டால் நீங்கள் போனதற்கே சாட்சி இல்லை. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தேன். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாகவேண்டும். அந்தத் தேவை வரவில்லை. ஒன்பதாம் நாள் வரச்சொல்லி அழைத்தார்கள்.

அங்கே இருந்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஓர் அலுவலர். "இரும் பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கோப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். மதிப்பீட்டுக் குழு இரண்டு காரணங்கள் எழுதியிருந்தது.

முதலாவது கூட்டுத்தொகைப் பிழை. 14,850ஐ 120ஆல் பெருக்கினால் 17,82,000. நான் 17,28,000 என எழுதியிருந்தேன். எட்டும் இரண்டும் இடம் மாறியிருந்தன. இது நிராகரிக்கும் காரணமே அல்ல. அலகு விலையும் மொத்தமும் முரண்பட்டால் அலகு விலையைக் கொண்டு மொத்தத்தைத் திருத்தவேண்டும் என்று அவர்கள் தந்த கேள்விப்பத்திரமே சொல்கிறது. திருத்தினாலும் எங்கள் விலைதான் குறைவு. அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். "சரிதான்" என்றார்.

பிறகு வங்கிப் பிணைமுறியை, அதாவது கொடுத்த விலையிலிருந்து நாங்கள் பின்வாங்கமாட்டோம் என்பதற்கு வங்கி தரும் உத்தரவாதத்தை, எடுத்து வைத்தார். விலைமனு 91 நாட்கள் செல்லுபடியாகவேண்டும். பிணைமுறி அதற்கு மேல் இன்னும் 28 நாட்கள், ஆக 119 நாட்கள். எங்கள் பிணைமுறி 91ஆம் நாளோடு முடிகிறது. வங்கிப் படிவத்தில் அந்த 91ஐ எழுதியது என் கைதான். பக்கத்தில் வவுனியாக்காரரின் பிணைமுறி கிடந்தது. 119ஆம் நாளுக்குரிய திகதி அதில் சரியாக இருந்தது.

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அந்தத் திகதியைப் பார்த்ததும் ஒன்பது நாள் கோபமும் இறங்கிவிட்டது. அதே திகதியை முதற்கடிதத்தில் ஒரு வரியாக எழுதியிருந்தால் ஒரு நேர்மையான மனிதரை நாங்கள் கள்ளன் என்று சொல்லியிருக்கமாட்டோம்.

அரசின் பெரிய கொள்வனவுகளுக்கு மேன்முறையீட்டுச் சபை இருக்கிறது. எங்களைப் போன்ற பட்டறைக்காரருக்கோ அரச முடிவை இரத்துச் செய்யக் கேட்கும் எழுத்தாணை மனுவோடு நீதிமன்றம் போனால் சட்டத்தரணி செலவிலேயே இலாபம் கரைந்துவிடும். எங்களுக்கு வேண்டியது காரணம் எழுதிய ஒரு கடிதமும், ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் கோப்பைத் திறந்து காட்டும் ஓர் அலுவலரும்தான்.

எழும்புவதற்கு முன் ஒன்று கேட்டேன். "ஐயா, முதலாவது காரணத்தை வெட்டிவிடுங்கள்." முடிவு மாறாதே பிள்ளை என்றார். மாறவேண்டாம், அது கோப்பில் அப்படியே கிடந்தால் அடுத்த முறை இன்னொருவரின் விலைமனுவையும் அதே பிழையான காரணத்துக்காகத் தள்ளுவார்கள் என்றேன். சிறிது நேரம் யோசித்தார். குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதி, திகதியிட்டு, சுருக்கொப்பம் வைத்தார்.

மறுவாரம் புதிய கடிதம் வந்தது. காரணம் ஒன்று, அதன் நிபந்தனை இலக்கத்தோடு. அப்பா அதைப் படலையடியில் நின்றே வாசித்தார். வவுனியாக்காரரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோப்பில் போடச் சொல்லிக் கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு, "அடுத்ததற்கு வங்கியில் எந்தத் திகதி கேட்கவேண்டும்?" என்றார்.