மிஸ்டு கால்

தை மாதக் கடைசி. மதியம் ஒன்றரை மணி. அம்மா இலையில் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தபோது என் போன் சைரன் மாதிரி அலறியது. அந்தச் சத்தத்தை வைத்ததே நான்தான். டொராண்டோவில் அப்போது விடிகாலை மூன்று மணி. வெளியே மைனஸ் 19.

"என்னடா அது, தெருவுக்கே கேக்குது?" என்றார் அப்பா.

"ஆபீஸ் போன்பா. ஏழாம் நம்பர் கட்டடத்து பாய்லர் முக்கால் மணி நேரத்துக்கு மேலா பேசலையாம்."

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். மன்னார்குடி பக்கம் அரிசி ஆலையில் 32 வருஷம் பாய்லர் பார்த்தவர் அவர். நெல் அவிக்கும் நீராவிக்காக உமி போட்டு எரிக்கும் பாய்லர். "பேசலைன்னா? அணைஞ்சுபோச்சா?"

"தெரியலை. அதுதான் பிரச்சினையே."

"கிட்ட யாரு இருக்கா?"

அவர் கேட்டது சரியான கேள்வி. எனக்கு அது புரிய நான்கு குளிர்காலம் ஆனது.

2016 நவம்பரில் டொராண்டோ போய் இறங்கினேன். அங்கே ஸ்கார்பரோ பகுதியில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டில் பேஸ்மென்ட் கிடைத்தது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே, மெல்லிய ஒரு சுவருக்கு அந்தப்புறம் ஃபர்னஸ். எரிவாயுவில் காற்றைச் சுடவைத்து, தகரக் குழாய்கள் வழியாக அறைக்கு அறை ஊதும் இயந்திரம். முதல் ராத்திரி அது 'தொப்' என்று பற்றிக்கொண்ட சத்தத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அது ஊதுவதோடு நிற்பதில்லை, ஆறிய காற்றைத் திரும்ப இழுக்கவும் செய்யும் என்பது நெத்திலிக் கருவாடு வறுத்த அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கார அக்கா மாடிப்படியில் நின்று சொன்னார்: "தம்பி, உங்கட கருவாட்டு வாசம் எங்கட சாமியறை மட்டும் வந்திட்டுது." கோபம் இல்லை, சிரிப்புதான். ஆனாலும் அதற்கப்புறம் நான் கருவாடு வறுக்கவில்லை.

வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் மேல்மாடியில் இருந்தது. டொராண்டோவில் வீட்டுக்காரர் பொறுப்பில் ஹீட்டிங் இருந்தால், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 21 டிகிரி இருக்கவேண்டும் என்பது மாநகராட்சி விதி. எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலைக் குளிரே ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கே மப்ளர் கட்டிக்கொண்டுதான் டீக்கடைக்குப் போவோம்.

அடுத்த வருஷம், அடுக்குமாடிக் கட்டடங்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பதினோரு கட்டடம். எல்லாமே பழையவை. அடித்தளத்தில் பாய்லர், வீட்டுக்கு வீடு அறையைச் சுடவைக்கும் ரேடியேட்டர், நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும் வெந்நீர். அப்பாவுடையது நீராவி பாய்லர், இது வெறும் வெந்நீர் பாய்லர், அவர் பார்த்தால் குழந்தை என்பார். நேர்முகத்தில் "பாய்லர் தெரியுமா?" என்று கேட்டபோது ஆலைக் கதையைத்தான் சொன்னேன். வேலை கிடைத்ததற்கு டிப்ளமோவைவிட அந்தக் கதைதான் காரணம் என்று இன்னமும் நம்புகிறேன்.

கம்பெனி அப்போதுதான் எல்லா பாய்லரையும் இணையத்தில் இணைத்திருந்தது. பாய்லரை விட்டுப் போகும் தண்ணீரின் சூடு, திரும்பி வரும் தண்ணீரின் சூடு, குழாய் அழுத்தம், சில வீடுகளின் அறை வெப்பம், வெளியே உள்ள குளிர், எல்லாவற்றுக்கும் சென்சார். எது எந்த அளவைத் தாண்டினால் யாருக்குச் சேதி போகவேண்டும் என்று அமைக்கும் வேலை எனக்கு. புது ஆள், நல்ல பேர் வாங்கவேண்டும் என்ற ஆசை. எல்லாவற்றுக்கும் அலர்ட் வைத்தேன்.

முதல் வாரமே நாறியது. ஒரு சென்சாரை யாரோ வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். யாராவது உள்ளே நுழையும்போதெல்லாம் '17 டிகிரி, அபாயம்' என்று சேதி. கதவு மூடியதும் 'சரியாகிவிட்டது' என்று இன்னொன்று. ஒரே ராத்திரியில் நூற்றுச் சொச்சம். இரவு வேலைக்காரர்கள் போனை மௌனமாக்கிவிட்டுத் தூங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஜனவரியில் ஒரு நாள், நான்காம் நம்பர் கட்டடத்தில் வெந்நீரைச் சுற்றவிடும் பம்ப் நிஜமாகவே நின்றுபோனது. அந்தச் சேதியும் மற்றவற்றோடு போய் அமுங்கியது. காலையில் ஒரு பாட்டி போன் செய்தார். கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாராம். அறையில் 13 டிகிரி.

நல்லவேளை, குழாய் வெடிக்கவில்லை. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பெருக்கும். பனிக்கட்டி அடைத்த இடத்துக்கும் மூடிய குழாய்த்திருகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக வழி இல்லாமல், அழுத்தம் ஏறி எங்கேயோ பிளந்துகொள்ளும். உறைந்திருக்கும்வரை தெரியாது. உருகும்போதுதான் மூன்று மாடிக்கும் வெள்ளம்.

அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் புலம்பினேன். அவர் ஃப்யூசிபிள் பிளக் பற்றிச் சொன்னார். பாய்லருக்குள் தீக்கு நேர் மேலே ஒரு தக்கை இருக்கும். நடுவில் சீக்கிரம் உருகும் உலோகம். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் அது உருகி, நீராவி பீறிட்டுத் தீயை அணைக்கும். "முப்பத்திரெண்டு வருஷத்துல எனக்கு ஒரு தடவைகூட உருகினதில்லைடா. அது உருகினா நான் தூங்கிட்டேன்னு ஊருக்கே தெரிஞ்சுபோகும். நான் பார்த்தது தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாயையும் பிரஷர் மீட்டரையுந்தான். அந்தத் தக்கை கடைசிக்கு."

இரண்டையும் நான் ஒரே சத்தத்தில் அலறவிட்டிருந்தேன். பிரித்து வைத்தேன். அறை வெப்பம் 18-க்குக் கீழே தொடர்ந்து அரைமணி நேரம் இருந்தால்தான் சேதி, 19-ஐத் தாண்டினால்தான் 'சரியாகிவிட்டது'. நடுவில் ஒரு டிகிரி இடைவெளி இல்லாவிட்டால் வாசல் கதவுக் கதைதான். திரும்பி வரும் தண்ணீர் கொஞ்சம் ஆறிப்போயிருக்கிறது என்பது மாதிரி விஷயங்கள் காலை அறிக்கைக்கு. பம்ப் நின்றது, அழுத்தம் இறங்கியது, இரண்டு மட்டும் ஆளை எழுப்பும். முதல் ஆள் பத்து நிமிடத்தில் எடுக்கவில்லையென்றால் இரண்டாவது ஆளுக்கு, அவரும் எடுக்கவில்லையென்றால் எனக்கு. கார்பன் மோனாக்சைடு என்ற வாசமில்லாத விஷவாயுவுக்கான அலாரத்தை மட்டும் இந்த ஏற்பாட்டை நம்பி விடவில்லை. அது இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இடத்திலேயே கத்தவேண்டும்.

(ஊருக்கு வந்தபோது சித்தப்பா போர் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கியிருந்தார். மும்முனை மின்சாரம் வந்தால் போன், போனால் போன், மோட்டார் ஓடினால் போன். சித்தி சண்டைபோட்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடினால் வரும் போனை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்த பாடம், அவருக்கு ஒரு வாரம்.)

இத்தனைக்கும் பிறகு பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. ஒரு கட்டடத்தில் மின்சாரம் போய் நாலு மணி நேரம் ஆகியும் என் திரையில் எல்லாம் பச்சை. கடைசியாக வந்த எண்ணையே அது காட்டிக்கொண்டிருந்தது. செத்துப்போன சென்சார் 'நான் செத்துவிட்டேன்' என்று எப்படிச் சொல்லும்?

அதற்கான விடை எனக்கு முன்பே தெரிந்த ஒன்றுதான். நான் போன நாளிலிருந்து அம்மா தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். எடுக்கக்கூடாது. எடுத்தால் காசு போய்விடுமாம். எனக்கு அங்கே காலை, வேலைக்குக் கிளம்பும் நேரம். மணி அடித்து நின்றால் வீட்டில் சுகம். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. அன்று மிஸ்டு கால் இல்லை. மறுநாளும் இல்லை. தென்னை எல்லாம் விழுந்து, கரண்ட் கம்பம் சாய்ந்து, டவர் செத்து, ஐந்தாம் நாள்தான் யாரோ ஒருவர் போனிலிருந்து அப்பா பேசினார். புயல் பற்றிய செய்திகளைவிட அந்த எட்டு மணி மௌனம்தான் என்னை ஆட்டியது.

பாய்லர்களின் சேதியை இணையத்தில் அனுப்பும் பெட்டிகளையும் அப்படியே பழக்கினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று மட்டும் ஒரு சேதி. மூன்று தடவை தொடர்ந்து வரவில்லையென்றால், அந்தப் பெட்டியை நம்பாமல் எங்கள் சர்வரே ஆளை எழுப்பும்.

அதுதான் சாப்பாட்டு வேளையில் அலறியது. முதல் இருவரும் எடுக்கவில்லை. விடுப்பில் வரும்போது பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்க மறந்தது என் தப்பு. கை கழுவாமலேயே இடது கையால் போனைப் பிடித்து, அந்தக் கட்டடத்திலேயே குடியிருக்கும் பராமரிப்பாளரை எழுப்பினேன். கீழே இறங்கிப் போனார். பதினைந்து நிமிடம். ரசம் ஆறிவிட்டது.

பாய்லர் ஜோராக ஓடிக்கொண்டிருந்ததாம். இரவுக் காவலாளிக்குக் கால் குளிர்ந்திருக்கிறது. இணையப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு சின்ன ஹீட்டரைச் செருகியிருக்கிறார்.

சொன்னதும் அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "அந்த ரெண்டு பேரும் ஏன் எடுக்கலை?"

"ராத்திரி மூணு மணிப்பா. தூங்கியிருப்பாங்க."

கொஞ்ச நேரம் மோர்சாதத்தைப் பிசைந்தார். அப்புறம் சொன்னார்: "நீ திரும்பிப் போறதுக்குள்ள என் நம்பரையும் அதுல போட்டுடு. அவங்க தூங்குற நேரத்துல நான் இங்க முழிச்சுக்கிட்டு சும்மாதானே உக்காந்திருக்கேன்."